குல்லாய்க்குள் மடங்கிய காது

பிரபு,

முக்கியமான செய்தியை முதலில் சொல்லிவிட வேண்டும் என்பதைத்தான் இத்தனை வருடம் நிருபராக இருந்து கற்றுக்கொண்டேன். அதனால் சொல்லிவிடுகிறேன். உன் வலது காதைப் பற்றி உன் மாமனார் வீட்டில் பேசிவிட்டேன். உன்னைக் கேட்காமல் பேசினேன். கம்பெனி வேலையாகப் போயிருக்கும் புனேயிலிருந்து நீ டீ நேரத்தில் ஐந்து நிமிடம் போன் செய்கிறாய். பின்னால் மிஷின் சத்தம், பக்கத்தில் யாரோ உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம். அந்த ஐந்து நிமிடத்தில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதி உன் போனுக்கு அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ வந்து இறங்கும்போது உன் மாமனார் வேனுடன் நிற்பார். அவர் முகத்தைப் பார்த்து நீயாக ஊகிப்பதற்கு முன், நடந்ததை நடந்த வரிசையில் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் பாப்பா பிறந்த அன்று ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது உன் மாமியார், நீ, நான் மூவரும் நின்றிருந்தோம். இடது காதின் மேல்பாதி, புத்தகத்தில் அடையாளத்துக்கு மடித்த தாள் முனையைப் போலக் கீழே மடங்கிக் கிடந்தது. நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நீ எடுத்துக்கொண்டிருந்த வீடியோவை அந்த இடத்தில் நிறுத்தினாய். காரிடாரில் நான் வாய் திறப்பதற்குள் நீயே, "தானா சரியாயிடும்மா, விடு" என்றாய். உன் கை உன் வலது காதின் மேல் விழுந்திருந்த முடியைச் சரிசெய்துகொண்டிருந்தது. அதற்கு மேல் என்னால் எதுவும் கேட்க முடியவில்லை.

உன் காதின் கதையை நீ வேறு யாரிடமும் கேட்டிருக்க முடியாது, எனவே ஒரு முறை முழுதாகச் சொல்கிறேன். நீ பிறந்தபோது வலது பக்கம் காது இருக்க வேண்டிய இடத்தில் ஊறவைத்த மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு சதைதான் இருந்தது. துவாரமும் இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் கிரகணத்தைப் பற்றியே கேட்டார்கள். கிரகணத்தன்று வெளியே வந்தாயா, எதையாவது வெட்டினாயா, நறுக்கினாயா என்று. உன் அப்பா எழும்பூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே ஒரு டாக்டரம்மா, "இன்னொரு காது நல்லா கேக்குது. பேச்சு வரும், படிப்பு வரும். சத்தம் எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு கண்டுபிடிக்கத்தான் தடுமாறுவான். காது மடல் செய்யணும்னா இவன் வளர்ந்து, விலா எலும்புப் பக்கத்துக் குருத்து போதிய அளவு வந்த பிறகு செய்யலாம்" என்று நிதானமாகச் சொன்னார்.

வல்லக்கோட்டை முருகனுக்கு உனக்கு முதல் மொட்டை என்று வேண்டுதல். மொட்டை போட்டால் காது தெரியும். அதனால் இந்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிப்போட்டோம். நீ பள்ளிக்கூடம் சேரும் வயதில்தான் போட்டோம். மடியில் வைத்துக்கொண்ட உன் தாய்மாமன், காது குத்த வந்த பத்தரிடம் இடது காதை மட்டும் நீட்டினான். "அந்தப் பக்கம்?" என்றார் பத்தர். "அந்தப் பக்கம் முருகனுக்கு" என்றான் உன் மாமன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். முடி திரும்ப வளர்ந்ததும் வலது பக்கம் மட்டும் நீளமாக விட்டு வாரியவள் நான்தான். பத்து வயதில் ஆபரேஷனுக்குக் கூப்பிட்டபோது நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "நெஞ்செலும்ப எடுத்து காதுல வெப்பாங்களா? நான் இன்னா பொம்மையா?" சிரித்துக்கொண்டே திரும்பி வந்தோம். அதற்குப் பிறகு அந்த முடியை நீயே பார்த்துக்கொண்டாய். ஹெல்மெட்டைக் கழற்றியதும் உன் கை முதலில் போவது அங்கேதான். கல்யாண ஆல்பம் முழுக்க நீ இடது பக்கமாகவே நிற்கிறாய்.

இப்போது பாப்பாவின் காதுக்கு வருகிறேன். பல வருடம் முன்பு, பச்சிளங்குழந்தைகளின் கேட்கும் திறன் பற்றி ஒரு கட்டுரைக்காக டாக்டர்களைப் பார்த்துவிட்டு வந்தேன். அதில் ஒருவர் விளக்கியதை உன்னை நினைத்துக்கொண்டே கேட்டதால் மறக்கவில்லை. பிறவிக் காதுக் குறை இரண்டு வகை. ஒன்று, உன்னுடையதைப் போல வயிற்றிலேயே காது முழுதாக உருவாகாமல் போவது. அதற்கு அவசரம் இல்லை. கேட்கும் திறனைச் சீக்கிரம் சோதிக்க வேண்டும், மற்றதற்குக் காத்திருக்கலாம். இன்னொன்று, எல்லாப் பாகமும் இருந்தும் வடிவம் மட்டும் கெட்டிருப்பது. மடங்கி, நசுங்கி, கூம்பி இருக்கும். பிறந்த குழந்தையின் காதுக் குருத்து, தாயின் உடம்பிலிருந்து வந்த ஹார்மோனின் தயவால் முதல் சில வாரங்கள் பிசைந்த மாவைப் போல இளகியிருக்கும். அந்த வாரங்களுக்குள் மெல்லிய அச்சு ஒன்றைப் பொருத்திவிட்டால் வடிவம் திரும்பும். கத்தி வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம். சில காதுகள் முதல் வாரத்தில் தாமாகவே நிமிர்ந்துவிடுவதும் உண்டு. நிமிராவிட்டால் காத்திருக்கக் கூடாது. குருத்து இறுகிவிட்டால் பிறகு ஆபரேஷன்தான், அதுவும் வருடங்கள் கழித்து.

அந்த வாரங்கள் எவை என்று யோசித்துப் பார். நம் பக்கத்தில் முப்பது நாள் தீட்டு கழியாமல் பச்சைக்குழந்தையை வாசல் தாண்ட விடமாட்டார்கள். பிறந்ததும் ஊசி போட்டு அனுப்பினால், அடுத்த ஊசி ஒன்றரை மாதத்தில்தான். நடுவில் எந்த மருத்துவரும் குழந்தையைப் பார்ப்பதில்லை. காது இளகியிருக்கும் நாட்களும் கதவு சாத்தியிருக்கும் நாட்களும் ஒன்றேதான். யாரும் கெட்ட எண்ணத்தில் அந்தக் கதவைச் சாத்தவில்லை. காற்றும் கிருமியும் கண்ணும் படக் கூடாது என்று சாத்துகிறார்கள். ஆனால் சாத்தியது சாத்தியதுதான்.

நான் ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்பாய். நான் மாமியார், பிரபு. இந்த ஊரில் கம்பெனி வாசலில் மைக் இல்லாமல் கத்திக் கேள்வி கேட்டிருக்கிறேன். தாசில்தாரை உட்கார வைத்துப் பேச வைத்திருக்கிறேன். ஆனால் பிள்ளை பெற்றுக் கிடக்கும் மருமகளின் வீட்டுக்குப் போய், "குழந்தை காது ஒரு மாதிரி இருக்கே" என்று பையனின் அம்மா சொன்னால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. நான் எந்தத் தொனியில் சொன்னாலும் அந்த அர்த்தம்தான் போய்ச் சேரும். அதைத் தடுக்க, "என் மகனுக்கும் இருந்தது" என்று சொல்லலாம். அதைச் சொல்லக் கூடாது என்பது உன் கட்டளை. நிச்சயதார்த்தத்துக்கு முன்பே என்னிடம் கேட்டு வாங்கிய சத்தியம். இரண்டு பக்கமும் சுவர். நடுவில் நான் வாரம் இரண்டு முறை பூண்டும் கருப்பட்டியும் கட்டிக்கொண்டு வண்டியில் ஒரகடம் தாண்டி வல்லக்கோட்டையில் உன் மாமனார் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

போகும்போதெல்லாம் பாப்பாவின் தலையில் குல்லாய். வெளியே தார் உருகுகிற வெயில். உள்ளே ஜன்னல் சாத்தி, மின்விசிறி நிறுத்தி, சாம்பிராணிப் புகை. அந்த அறையில் நானே மூச்சு முட்டி வியர்த்துக்கொண்டிருந்தேன். குழந்தைக்குக் கம்பளிக் குல்லாய், கன்னம் வரை இழுத்துவிட்டு. "வேர்க்குதேம்மா, கழட்டேன்" என்றேன். "இல்ல அத்தை, சளி புடிச்சிக்கும்" என்றாள் ரேவதி, என் முகத்தைப் பார்க்காமல். தூக்கிக்கொள்ளக் கை நீட்டினால், "இப்பதான் தூங்குனா அத்தை" என்பாள். என்னிடம் குழந்தையைத் தரப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, திரும்பும் வழியில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் வண்டியை நிறுத்திச் சிறிது நேரம் நின்றேன். உனக்குப் போன் செய்தேன். "எதுனா பிரச்சினையாம்மா?" என்றாய். "ஒண்ணும் இல்லடா, சாப்டியா?" என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை உன் மாமியார் காபி போடப் போனபோது பாப்பா அழுதாள். ரேவதி குளியலறையில் இருந்தாள். நான் தூக்கினேன், குல்லாய் நழுவியது. மடங்கிய காதை மேலே இழுத்து, காயத்துக்குப் போடும் ஒட்டு நாடாவால் நெற்றிப் பக்கம் சேர்த்து ஒட்டியிருந்தது. ஒட்டிய இடத்தைச் சுற்றித் தோல் சிவந்து, ஓரிடத்தில் கசிந்திருந்தது. அதனால்தான் குழந்தை அழுதிருக்கிறது.

ரேவதி வாசலில் வந்து நின்றாள். ஈரத் தலை. என் கையில் குல்லாய். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள், "கத்துங்க அத்தை. கத்திடுங்க, பரவால்ல" என்றாள்.

"எதுக்குமா கத்தணும்?"

"பாத்துட்டீங்க இல்ல? எப்ப பாப்பீங்க, எப்ப பாப்பீங்கன்னு தெனமும் செத்துக்கினு இருந்தேன். யூடியூப்ல பாத்து ஒட்டுனேன். நிமிந்துடும்னு போட்டுருந்துச்சு. நிமிரல. புண்ணுதான் ஆச்சு."

"அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். தானா சரியாயிடும்ங்கிறாரு. அவர் காது எனக்குத் தெரியும் அத்தை. கல்யாணத்துக்கு முன்னாடியே குன்றத்தூர் மலைப்படியில ஒக்காந்து முடிய ஒதுக்கிக் காட்டுனாரு. எங்க வூட்ல மட்டும் சொல்லாதன்னாரு. நான் எப்படிச் சொல்லுவேன்? எங்கம்மா என்னைத்தான் சொல்லிக்கினு கீறாங்க."

அதற்குள் உன் மாமியார் காபித் தட்டோடு வந்துவிட்டார். திறந்து கிடந்த காதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பேசுமுன் முந்திக்கொண்டார். தன் மகளைத் தானே திட்டிவிட்டால் நான் திட்டமாட்டேன் என்று ஒரு கணக்கு. "அன்னிக்கே தலபாடா அடிச்சிக்கினேன் சம்பந்தி. கிரகணம் புடிக்குது, லீவு போடுடின்னு. கேட்டாளா? மாசமா கீறவ, கம்பெனியில போயி கத்திரிய புடிச்சிக்கினு நின்னுகினு இருந்தா. இப்ப பாருங்க!"

விஷயம் இதுதான். ரேவதிக்கு அப்போது லைனில் ஒயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் நாடாவின் முனையைக் கத்தரிக்கும் வேலை. கிரகணத்தன்று பகல் ஷிஃப்ட். "கிரகணத்துக்கெல்லாம் எவன்மா லீவு குடுப்பான்? சூப்பர்வைசர் சிரிப்பாரு" என்றாள் ரேவதி. பிறகு என்னிடம் திரும்பி, "அன்னிக்கு எத்தினி வெட்டுனேன் அத்தை, கணக்கே இல்ல. ஒவ்வொண்ணா வெட்டும்போதும் பயந்துகினேதான் வெட்டுனேன்" என்றாள். அந்தப் பெண் இரண்டு வாரமாகத் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு அந்த அறையில் படுத்துக்கிடந்திருக்கிறாள். வெளியே போக முடியாது, அம்மாவிடம் சொல்ல முடியாது, என்னிடம் காட்ட முடியாது, உன்னிடம் சொன்னால் நீ கேட்டுக்கொள்ளமாட்டாய்.

சத்தம் கேட்டு உன் மாமனாரும் வந்து கதவருகே நின்றார். காலை ஷிஃப்ட் ஆட்களைக் கம்பெனி வேனில் இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார், காக்கிச் சட்டை கூட மாற்றவில்லை. நான் எழுந்து நின்று, சம்பந்தம் செய்த எந்த மாப்பிள்ளை வீட்டுக்காரியும் சொல்லாத ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். "அவளை எதுவும் சொல்லாதீங்க. கொறை எங்க பக்கம். பிரபுவுக்குப் பொறக்கும்போதே வலது காது இல்ல."

பாப்பா விக்கிக்கொண்டிருந்தாள். உன் மாமியார் தட்டைக் கீழே வைத்தார். "இன்னா சம்பந்தி சொல்றீங்க? மாப்பிள்ளைக்கா?" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மொச்சைக்கொட்டை, எழும்பூர், மொட்டை, முடி. பிறகு, "இது அவன் காது மாதிரி இல்ல. இத சரி பண்ணலாம். ஆனா இப்பவே போகணும். முப்பது கழியட்டும்னா கழிஞ்சே போயிடும்" என்றேன்.

உன் மாமியார் சாமி படத்தைப் பார்த்தார். "தீட்டு வூட்டுலேருந்து பச்சப்புள்ளைய எப்படிங்க..." என்று இழுத்தார். உன் மாமனார் மட்டும் கதவை விட்டு நகராமல் வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு, "வண்டிய கழுவிட்டுத்தான் நிறுத்தியிருக்கேன். துணிமணி எடுத்து வையி" என்று தன் மனைவியிடம் சொன்னார்.

குன்றத்தூர் வழியாகச் சென்னைக்குப் போனோம். கம்பெனிப் பெயர் எழுதிய வேன், ஜன்னல்களுக்கு நீலத் திரை, பன்னிரண்டு காலி சீட்டு, நடுவில் ரேவதியும் பாப்பாவும். அங்கே காது டாக்டர் முதலில் நாடாவை எண்ணெய் தொட்டு எடுத்தார். வீட்டில் ஒட்டியதற்குத் திட்டவில்லை. "நினைப்பு சரி. ஆனா இந்தத் தோல் ரொம்ப மெல்லிசும்மா, நாமளா ஒட்டக் கூடாது" என்றார். புண் மேலோட்டமானது. முதலில் கேட்கும் திறன் சோதனை செய்தார்கள். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது. அந்த ஒரு வரியை நீ இரண்டு முறை படித்துக்கொள். புண் ஆற இரண்டு நாள் விட்டு, நேற்று மறுபடி போய் அச்சைப் பொருத்திக்கொண்டு வந்தோம். காதைச் சுற்றிச் சிறிது முடி மழித்து, சிலிக்கான் துண்டை மடிப்புக்குள் உட்கார வைத்திருக்கிறார்கள். சில வாரம் இருக்கும், நடுவில் மாற்றுவார்கள். முழுதாக நிமிர்ந்துவிடும் என்று அவர் உறுதி தரவில்லை. "நல்ல நேரத்துல வந்தீங்க, இன்னும் தள்ளிப் போட்டிருந்தா கஷ்டம்" என்றுதான் சொன்னார். நான் அதற்கு மேல் சேர்த்து எழுதமாட்டேன்.

ஒரு திருத்தமும் போட வேண்டும். குறை எங்கள் பக்கம் என்று நான் சொன்னதில் மருத்துவம் இல்லை. டாக்டரிடம் கேட்டேன். உன் காதுக்கும் பாப்பா காதுக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை என்றார். கிரகணமும் இல்லை, கத்தரியும் இல்லை, பெரும்பாலும் வயிற்றுக்குள் குழந்தை அழுந்திக் கிடந்த விதம் என்றார். அவர் வாயாலேயே உன் மாமியாரிடம் சொல்ல வைத்தேன். உன் மாமியார் பயபக்தியோடு கேட்டுவிட்டு, வெளியே வந்ததும், "அதான் அப்பவே சொன்னேன், ஒரே பக்கமா படுக்காதடின்னு" என்றார். ரேவதி சிரித்துவிட்டாள். பிள்ளை பெற்ற பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஆனால் கிரகணப் பழி போனதும் படுத்த விதத்தின் பழி வந்துவிட்டது; கதவு ஒன்று திறந்தால் பக்கத்தில் இன்னொன்று சாத்திக்கொள்கிறது. நீ வந்து அவள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். காதைப் பற்றிப் பேசு அவளிடம். "தானா சரியாயிடும்" என்ற வார்த்தையை மட்டும் அந்த அறைக்குள் கொண்டுவராதே. ஒளித்து வைத்த பயத்துக்கு என்ன செய்வதென்று யாருக்கும் தெரிவதில்லை, ஒட்டு நாடா போட்டு ஒட்டத்தான் தோன்றுகிறது. அந்த முடியை முதலில் வாரிவிட்டவள் என்ற முறையில் எனக்கு இது தெரியும்.

நீ கோபப்படலாம். சத்தியத்தை மீறியது நான்தான், அதில் எனக்குத் தப்பிக்க வழியில்லை. இந்தக் கடிதத்தை, நான் நிருபராக இருந்த பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. சாத்திய அறைகளுக்குள் இன்னும் எத்தனையோ குல்லாய்கள் இருக்கும். ஆனால் நீ படித்து, சரி என்று சொன்னால்தான் வேறு எவரும் இதைப் படிப்பார்கள். இந்த முறை சத்தியத்தைக் காப்பேன்.

கடைசியாக உன் மாமனார். செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து திரும்பும்போது நான் அவருக்குப் பக்கத்து சீட்டில் இருந்தேன். போரூர் நெரிசலில் வண்டி நின்றது. ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, "மாப்பிள்ளைக்கு வலது காதா, இடது காதா சொன்னீங்க?" என்று கேட்டார். வலது என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "கல்யாணம் ஆனதுலேருந்து எத்தினி வாட்டி இதே சீட்ல ஒக்காந்து வந்திருப்பாரு. இந்த வண்டி சத்தத்துல நான் பாட்டுக்குப் பேசிக்கினே வருவேன். ஒரு வார்த்த பதில் வராது. டிரைவர்கிட்ட பேசுறதுக்கு இன்னான்னு தலக்கனம் புடிச்சவன்னு நெனச்சுக்கினேன் சம்பந்தி. அதான் அப்புறம் நானும் வாய மூடிக்கினேன்." அந்த சீட்டில் உட்கார்ந்தால் ஓட்டுகிறவர் உன் வலது பக்கத்தில் இருப்பார். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பாய். அவர் பேசியதே உனக்குத் தெரிந்திருக்காது.

வீட்டு வாசலில் என்னை இறக்கிவிடும்போது, "ஞாயித்துக்கெழம நானே போய் கூட்டியாரேன்" என்றார். ஆகவே வழியில் எங்காவது அவர் வேனை ஓரம் கட்டி நிறுத்தினால், டயரைப் பார்க்க என்று நினைக்காதே. இறங்கி, சுற்றி வந்து, உன் இடது பக்கக் கதவைத் திறப்பார். பேசுவதற்குத்தான்.

அம்மா